பின்சீட்டில் தொண்ணூறு

அத்தியாயம் 9

குலசேகரத்தின் பழைய மோரிஸ் மைனர் டத்தோ கிராமாட் சாலையின் பின்சந்தில் திரும்பியபோது மணி பத்தேகால். பன்னிரண்டு அடித்தால் வடிவு என்கிற வடிவம்மாள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

அதற்கான கடிதத்தை வக்கீல் டைப் அடித்தே அனுப்பிவிட்டார். 'திரு. ஸ்ரீஸ்கந்தராஜாவின் மோட்டார் சைக்கிளில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறி விழுந்ததாகச் சொன்னது பொய். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வக்கீலின் குமாஸ்தா ஆஸ்பத்திரிக்கு வருவார். கையெழுத்து இல்லையென்றால் மானநஷ்ட வழக்கு. வடிவின் அம்மா காலையிலேயே மகளின் கட்டிலருகே பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். பயந்துபோனவளைக் குறை சொல்லி என்ன பயன்?

குலசேகரத்திடம் உதவியாளராகச் சேருமுன் சந்திரிகா பாயான் பாரு பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவள். வடிவுக்கு அடுத்த ஸ்டூல் அவளுடையது. ஒருநாள் ஈயம் பற்றவைக்கும் சூடான சோல்டர் இரும்பைக் கைதவறி வடிவின் வலது பாதத்தில் போட்டுவிட்டாள். சூப்பர்வைசர் ஓடிவந்தபோது, "நானே தவறவிட்டேன் மேடம்" என்றாள் வடிவு. சந்திரிகாவின் வேலை தப்பியது. வடிவு சொல்லி அவள் கேட்ட ஒரே பொய் அதுதான். அப்படிப்பட்டவளை இன்று ஊரே பொய்க்காரி என்கிறது.

நடந்தது இவ்வளவுதான். போன மாதம் ஒரு ஞாயிறு மாலை, தெலுக் பஹாங் வளைவில் ஸ்ரீயின் க்ரூசர் பைக் சறுக்கியது. பின்னால் இருந்த வடிவின் வலது காலின்மேல் விழுந்தது. ஸ்ரீ பைக்கைத் தூக்கினான், அவளைத் தூக்கவில்லை. ஏறி உதைத்துப் போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேறு யாரோ அவளைக் காரில் ஏற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஸ்ரீயைக் கேட்டால், "எந்தப் பொண்ணு? என் பின்சீட்டில் பொம்பளை யாரும் ஏறியதே இல்லை" என்கிறான். அவன் அப்பாவுக்கு ஊரில் கடைவீடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. வடிவுக்கு ஒரு தையல் மெஷின் இருக்கிறது. அதையும் காலால்தான் மிதிக்க வேண்டும்.

"சார், அந்தப் பட்டறைச் சீட்டை இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள் சந்திரிகா.

குலசேகரம் சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தார். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றபின் துப்பறியத் தொடங்கியவர். உடைந்த சாமான்களைப் பார்த்துப் பார்த்து மனிதர்களை நம்பாமல் போனவர்.

ஸ்ரீ அந்த பைக்குக்கு இந்த வருஷம் இரண்டு தடவை பின்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றியிருக்கிறான். முதல் சீட்டு ஜனவரி. '125 + 90. கெட்டி ஸ்பிரிங்.' இரண்டாவது சீட்டு, விபத்து நடந்த நாலாம் நாள். '125. தனி ஆள். சாதா ஸ்பிரிங்.'

'அப்சார்பர் மாற்றப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்' என்று வடிவு சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நாள் அலைந்து, நேற்றுக் காலை இந்தச் சந்திலுள்ள பைக் பட்டறையில் கண்டுபிடித்த சீட்டுகள் இவை. நேற்று மாலை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே வரவழைக்கப்பட்ட ஸ்ரீ முதல் சீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "தொண்ணூறு கிலோ! உங்க பொண்ணு குச்சி மாதிரி இருக்கிறாள். ஜனவரியில் என்னோடு பட்டறைக்கு வந்தது எங்கள் லோரிக்காரன் பழனியப்பன்" என்று சொல்லி, அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். வடிவின் நிறை ஐம்பத்துநாலு கிலோ. இன்ஸ்பெக்டர் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நாமளே கத்தியைத் தீட்டி அவன் கையில குடுத்துட்டோம் சார்" என்றாள் சந்திரிகா. "இந்தத் தொண்ணூறு வடிவைக் கொன்னுடுச்சு."

"நீயும் அந்தத் தொண்ணூறையே பாத்துக்கொண்டு இரு பிள்ளை" என்றபடி குலசேகரம் கார்க் கதவை அறைந்து சாத்தினார்.

பட்டறையில் தங்கராஜு ஒரு பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் ஸ்பானரைத் தரையில் போட்டான்.

"மறுபடியும் வந்துட்டீங்களா? நேத்தே சொன்னேன்லா, எனக்கு ஒன்னும் தெரியாது. வர்ற ஆளு மூஞ்சியை நான் பாக்குறதில்ல. பைக்கைத்தான் பாப்பேன்."

"பைக்கைப் பற்றியே சொல்லுங்கோ" என்றார் குலசேகரம். "ஜனவரியில ஏன் அப்சார்பரை மாத்தினது? பைக் புதுசு எல்லோ?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் தங்கராஜுவுக்கு வாய் சும்மா இராது. "க்ரூசர் பைக் தாழ்வா படுத்தாப்புல ஓடும். பின்னாடி இன்னொரு ஆளு உக்காந்தா கம்பெனி அப்சார்பர் தாங்காது. பள்ளத்துல இறங்குனா டயர் மட்கார்டுல போய் ஒரசும். அதான் ரெண்டு பேரு நிறையையும் பாத்து, கெட்டியான ஸ்பிரிங் உள்ளதா எடுத்துப் போடணும். இருநூறுக்கு மேல போச்சுன்னா கெட்டி, உள்ள இருந்தா சாதா. செவுத்துல எழுதியிருக்கு பாருங்க. நிறை பாக்காம விக்கிற கடையெல்லாம் இருக்கு. நான் அப்படி இல்ல."

"விழுந்த பிறகு ஏன் சாதா?"

"ஒரு பக்கம் வளைஞ்சிருந்துச்சு. இனிமே தனியாத்தான் ஓட்டுவேன், கெட்டி வேணாம்னாரு. தனி ஆளுக்குக் கெட்டி போட்டா முதுகெலும்பு முறிஞ்சிரும்." சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டது அவனுக்கு உறைத்தது. முகம் இறுகியது.

"இனிமே தனியா" என்று சந்திரிகா மெல்லச் சொன்னாள். "அப்படின்னா அதுக்கு முன்னாடி கூட யாரோ இருந்திருக்காங்க."

"பழனியப்பன்னுதான் அவரே சொல்லிட்டாருல்ல? போங்கம்மா. இந்தக் கடை அவங்க அப்பாவோடது. எனக்கு மூணு புள்ளைங்க."

குலசேகரம் பட்டறையை ஒரு சுற்று சுற்றினார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். டயர் அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நிறை பாத்துத்தான் விப்பன் எண்டு சொன்னீர். தராசு எங்கே?"

தங்கராஜு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சார், மனசாலேயே நிறுத்துடுவாரு போல" என்றாள் சந்திரிகா.

குலசேகரம் ஜனவரிச் சீட்டைத் திருப்பி அவளிடம் நீட்டினார். நேற்றிலிருந்து கையில் வைத்திருந்தும் அவள் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மங்கிப்போன பச்சை மையில் ஒரு நெற்கதிர்ப் படம். சயாம் அரிசி மூட்டையின் லேபிளைக் கிழித்துத்தான் சீட்டு எழுதியிருக்கிறார்கள். பட்டறைக்கு அடுத்த கதவு அரிசிக் கடை.

அவர்கள் படியிறங்கும்போது தங்கராஜுவின் கை டெலிபோனுக்குப் போவதைச் சந்திரிகா கண்டாள்.

அரிசிக் கடையை நடத்துகிற சித்தி ஹாஜராவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, மூக்கின் நுனியில் கண்ணாடி, வாயில் வெடிமருந்து. கையில் ஃபைலோடு ஒரு பெண்ணும் டை கட்டிய ஒரு மனிதரும் உள்ளே வருவதைப் பார்த்ததுமே, தராசு சோதிக்கும் அரசாங்க ஆட்கள் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டாள்.

"என்னா வேணும்? அரிசி வேணும்னா சொல்லு. வேற எதுவும் இங்க இல்ல. கிலோ தராசு அதோ மேசை மேல இருக்கு, போன வருஷம்தான் முத்திரை குத்துனது. பாத்துட்டு எடத்தைக் காலி பண்ணுங்க."

மேசைமேல் இருந்தது வெங்காயம் நிறுக்கிற சின்னத் தராசு. அதில் ஓர் ஆள் ஏற முடியாது.

"அக்கா, நாங்க தராசு பாக்க வரல" என்றாள் சந்திரிகா.

"எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவீங்க. அப்புறம் லோரில ஏத்திக்கிட்டுப் போயிடுவீங்க. ஆயர் ஈத்தாம் கடையில அப்படித்தானே நடந்துச்சு! வெளியே போ!"

ஹாஜரா கையை வீசிய வேகத்தில் சந்திரிகா பின்வாங்கினாள். மூலையில் வெறும் சாக்குகள் குவிந்து கிடந்தன. அவள் கால் அந்தக் குவியலின் மேல் ஏறியது. சாக்குகளுக்குள் எங்கோ 'டங்' என்று இரும்பு மோதியது. காலை எடுத்தாள். மறுபடியும் 'டங்'.

"சாக்கு பேசுது சார்."

ஹாஜரா தடுப்பதற்குள் சந்திரிகா சாக்குகளை இழுத்துவிட்டாள். ஆள் ஏறி நிற்கிற அளவுக்கு ஒரு பலகை, நெஞ்சு உயரத்தில் ஓர் இரும்புத் தண்டு, தண்டின்மேல் நகர்கிற பித்தளைக் குண்டு. மூட்டை நிறுக்கிற பழைய தராசு. வந்தது வரட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறிக் குண்டைத் தள்ளினாள். தண்டு சமனாக நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"எண்பத்தஞ்சா! சார், நான் அம்பத்தோரு கிலோதான்! நேத்து சாப்பிட்ட மீ கோரெங் இவ்வளவு வேலை செய்யாது!"

"கிலோ இல்ல, காத்தி" என்று ஹாஜரா சீறினாள். "எங்க வாப்பா காலத்துத் தராசு. கிலோ வந்துடுச்சுன்னு இதைத் தூக்கிக் கடல்ல போடணுமா? கிழவிங்க இன்னும் காத்தியிலதான் அரிசி கேக்குதுங்க. எடுத்துக்கிட்டுப் போங்க, போங்க! தங்கராஜு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுனான். சொல்லிட்டானா?"

"அவன் சொல்லவில்லை அம்மா" என்றார் குலசேகரம். "உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது எண்டுதான் வாயை மூடிக்கொண்டு நிண்டவன்."

சந்திரிகா இன்னும் பலகையிலேயே நின்றாள். ஒரு காத்தி அறுநூறு கிராம். தொண்ணூறு காத்தி என்றால்... விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஐம்பத்துநாலு கிலோ. இன்னொரு தடவை போட்டாள். ஐம்பத்துநாலேதான். பலகையை விட்டு இறங்கினாள்.

அப்போதுதான் வெளியே க்ரூசர் பைக்கின் உறுமல் கேட்டது. பின்னாலேயே ஒரு லோரியும் வந்து நின்றது.

ஸ்ரீஸ்கந்தராஜா ஆறடி உயரம். இடுப்பில் பெல்ட் நிற்பதற்காகக் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் லோரியிலிருந்து இறங்கிய பழனியப்பன் கதவையே அடைத்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள், உங்களுக்கு வெக்கம் இல்லையோ?" என்று ஸ்ரீ ஆரம்பித்தான். "எங்கட ஆக்களுக்குள்ள இருந்துகொண்டு ஒரு ஃபேக்டரிப் பொண்ணுக்காக என்னை நாறடிக்கிறீங்கள். இனி எந்தக் கல்யாண வீட்டுக்கும் உங்களை ஒருத்தரும் கூப்பிட மாட்டினம். பாத்துக்கொள்ளுங்கோ."

"சாப்பாடு மிச்சம்" என்றார் குலசேகரம். "தம்பி, ஒரே ஒரு கேள்வி. நேற்று ஸ்டேஷனில எழுதிக் குடுத்தது உண்மைதானே?"

"ஓம். ஜனவரியில நானும் பழனியப்பனும்தான் வந்தனாங்கள். சீட்டில இருக்கிறது எங்கட நிறை."

"ரெண்டாவது சீட்டு?"

"அது நான் தனிய வந்தது."

"அப்ப ரெண்டு சீட்டிலயும் நூற்றிருபத்தைந்து நீர்தான்."

"எத்தனை தரம் சொல்றது? நான்தான்!"

சந்திரிகா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நேற்றிலிருந்து அவளும் இந்த எண்ணைப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அவனும் பார்க்கவில்லை. அடுத்தவள் நிறையைப் பார்த்துச் சிரித்த அவசரத்தில் தன் நிறையைப் படிக்க மறந்துவிட்டான்.

"நூத்தி இருபத்தஞ்சு கிலோவா?" என்றாள். "பாக்கி அம்பது கிலோவை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டீங்களா சார்?"

ஸ்ரீ பெல்ட்டைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டான். பழனியப்பனுக்கு விஷயம் புரியவில்லை. "தம்பி ஒல்லிதானே?" என்று நல்ல மனசோடு சொல்லிவைத்தான்.

"பழனியப்பன், நீங்கள் ஒருக்கா இதில ஏறுங்கோ" என்றார் குலசேகரம்.

அவன் ஸ்ரீயைப் பார்த்தான். ஸ்ரீ தலையசைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவன் ஒரு காலை எடுத்து வைத்தான்.

"செருப்பைக் கழட்டு!" என்று ஹாஜரா கத்தினாள். "அரிசி வெக்கிற பலகைடா அது!"

பழனியப்பன் வெறுங்காலோடு ஏறினான். பித்தளைக் குண்டு தண்டின் கடைசி வரைக்கும் போக வேண்டியதாயிற்று. "நூத்தி நாப்பத்தொம்பது" என்று படித்தாள் சந்திரிகா. "ஜனவரியில தொண்ணூறு. இப்ப நூத்தி நாப்பத்தொம்பது. அண்ணே, ஏழு மாசத்துல அப்படி என்ன சாப்பிட்டீங்க?"

"இது காத்தித் தராசு, தம்பி" என்றார் குலசேகரம். "நூற்றிருபத்தைந்து காத்தி எழுபத்தைந்து கிலோ. அது நீர். தொண்ணூறு காத்தி ஐம்பத்துநாலு கிலோ. அது இந்த மனுசன் இல்லை. ஆர் எண்டு நீரே சொல்லும்."

பழனியப்பன் மெல்லப் பலகையை விட்டு இறங்கி, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். ஸ்ரீயிடமிருந்து தள்ளி.

ஸ்ரீயின் முகம் சிவந்தது. அவன் காலைத் தூக்கித் தராசின் தண்டில் ஓங்கி உதைத்தான். பித்தளைக் குண்டு கழன்று சிமெண்டுத் தரையில் உருண்டது.

"திருட்டுத் தராசு! கவர்மெண்டு வேண்டாம் எண்ட சாமானை வெச்சு ஊரை ஏமாத்துறா இவள். இதையெல்லாம் எந்தக் கோர்ட்டு நம்பும்? ஏய், நாளைக்கே கடையைக் காலி பண்ணு!"

ஹாஜரா குனிந்து குண்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது.

"திருட்டுத் தராசா? முப்பது வருஷமா இதுல ஒரு பிடி அரிசி கொறைச்சு நிறுத்ததில்ல நான். உன்னையும் இதுலதான்டா நிறுத்தேன். நீ சப்பாத்தோட ஏறுன, வீட்டுக்காரர் மகன்னு பேசாம இருந்தேன். அந்தப் பொண்ணுதான் சொல்றதுக்கு முன்னாடியே குனிஞ்சு வெள்ளைச் சப்பாத்தைக் கழட்டுனா. சாப்பாட்டுச் சாமான் வெக்கிற எடம்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"எந்தப் பொண்ணு?" என்று ஸ்ரீ கத்தினான். "இவங்க ரெண்டு பேரும் ஃபோட்டோவைக் காட்டி உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கினம்!"

"மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல. குனிஞ்சு குண்டைத் தள்ளிக்கிட்டிருந்தேன், காலைத்தான் பாத்தேன். வலது பாதத்துல சுட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவுல. அடுப்புல சுட்டுக்கிட்டியாம்மான்னு கேட்டேன். இல்லக்கா, ஃபேக்டரியில கூட வேலை செய்யிற பொண்ணு தெரியாம போட்டுட்டான்னு சொல்லிச் சிரிச்சா."

சந்திரிகா ஃபைலைத் திறந்து அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"அதையும் சொல்லிக் குடுத்திருப்பினம்" என்றான் ஸ்ரீ. "காலையும் காட்டியிருப்பினம்."

"எந்தக் காலை, தம்பி?" என்று குலசேகரம் கேட்டார். இதுவரை அவர் குரலை உயர்த்தவில்லை. இப்போது உயர்த்தினார். "எந்தக் காலைக் காட்டுறது? அந்தக் காலைத்தான் ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துப்போட்டினமே! போன மாசத்துக்கு முந்திக் கண்டவங்களுக்குத்தான் அந்தத் தழும்பு தெரியும். எங்களை இண்டைக்குத்தான் காணுற இந்த அம்மா அதைக் கண்டிருக்கிறா. உம்மோட வந்து இந்தப் பலகையில ஏறினபோது கண்டிருக்கிறா."

ஹாஜரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "வெட்டிட்டாங்களா?" என்றாள் சந்திரிகாவிடம். "அந்தப் பிள்ளை காலையா?"

"ஆமாக்கா. இவரு பைக்கைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. அவளை அங்கேயே விட்டுட்டாரு. இன்னும் ஒரு மணி நேரத்துல, இவரு பைக்ல ஏறவே இல்லன்னு அவகிட்ட கையெழுத்து வாங்கப் போறாங்க."

அரிசிக் கடை வாசலில் தங்கராஜு எப்போது வந்து நின்றான் என்று யாருக்கும் தெரியாது. "நானும் வர்றேன் சார்" என்றான் குலசேகரத்திடம். ஸ்ரீயின் முகத்தை அவன் பார்க்கவில்லை. "அன்னைக்கு வந்தது ஒரு பொண்ணுதான். நானே எழுதிக் குடுக்குறேன்."

"டேய், உனக்குக் கடை வேணாமா?"

"வேணும்தான்" என்றான் தங்கராஜு. பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தப் போனான்.

ஸ்ரீ பைக்கை உதைத்துக் கிளப்பினான். சாதா ஸ்பிரிங் போட்ட அந்தத் தனி ஆள் வண்டி சந்து முனையில் திரும்பி மறைந்தது. குலசேகரம் தடுக்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் ஸ்டேஷனில் பத்திரமாக இருந்தது.

ஹாஜரா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசலை அடைத்தாள். கடைசிப் பலகைக்கு முன்னால் நின்று பழனியப்பனைக் கூப்பிட்டாள்.

"பொய் சொல்ல வந்தல்ல? வா. தராசைத் தூக்கு. உன் லோரியிலேயே ஏத்து. மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் ஸ்டேஷன்."

பழனியப்பன் மறுபேச்சில்லாமல் குனிந்தான்.

"அக்கா, ஸ்டேஷனுக்குப் போனா தராசைத் திருப்பித் தர மாட்டாங்க" என்றாள் சந்திரிகா. "பறிச்சுக்குவாங்க."

"பறிச்சுக்கட்டும்" என்றாள் ஹாஜரா. பித்தளைக் குண்டை மட்டும் லோரியில் ஏற்றக் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளை பொய் சொல்லலன்னு சொல்லிட்டு அது போவட்டும்."

மணி பதினொன்று இருபது. சந்திரிகா லோரியின் முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.